பூட்டும் அமானிதமும்

இறைவனே காப்பவன் என்று நம்பும் ஒருவர் தம் வீட்டுக் கதவைப் பூட்டலாமா என்னும் கேள்வி மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும். ஆயினும் சமய நூல்களில் ஆழ்ந்தவர்கள் அதைச் சிறு கேள்வியாகக் கருதியதில்லை. பூட்டுவது நம்பிக்கைக் குறைவா, பூட்டாமல் விடுவது பொறுப்பின்மையா, பூட்டிக் காக்கப்படும் பொருள் எந்த வழியில் வீட்டுக்குள் வந்தது, அந்தப் பூட்டு யாரை மனத்தில் வைத்துத் தொங்கவிடப்பட்டது என்று அக்கேள்வி கிளைத்துக்கொண்டே போகும். வேலூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையில் விரிந்து கிடக்கும் தோல் தொழிற்பகுதி இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான நிலமாகும். இங்கே தோல் பதனிடும் ஆலைகளை நடத்தியவர்களில் முஸ்லிம் வணிகர்கள் பெரும்பங்கினர். அவ்வாலைகளில் உழைத்தவர்களில் தலித் மக்கள், இந்துக்களாகவும் கிறித்தவர்களாகவும், பெருந்தொகையினர். ஊர்களைச் சூழ்ந்த குன்றுகளிலோ சமணத் துறவியர் தங்கிய குகைகள் இன்றும் உள்ளன. திருட்டைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் தனித்தனியாகச் சிந்தித்த நான்கு மரபுகள் ஒரே ஆற்றின் நீரைக் குடித்து வாழ்ந்த இடம் இது.

வீடு புகுந்து திருடுவதைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பழைய சொல் ‘கன்னம்’ என்பதாகும். சுவரில் துளையிட்டு உள்ளே நுழைவது கன்னமிடுதல். துளையிடும் கருவி கன்னக்கோல். மண்சுவர் வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் கதவை உடைப்பதைவிடச் சுவரைக் குடைவது எளிது, ஓசையும் குறைவு. ஆகவே கதவுக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் வீட்டின் பின்சுவர் திறந்தே கிடப்பதற்குச் சமம் என்பதை அக்கால மக்கள் நன்கறிந்திருந்தனர். மத்தேயு நற்செய்தியில் இயேசு மலைமீது ஆற்றிய பொழிவில், மண்ணுலகில் செல்வம் சேர்ப்பதன் பயனின்மையை எடுத்துரைக்குமிடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல்லும் ‘தோண்டிப் புகுதல்’ என்றே பொருள்படுவது. தமிழில் விவிலியத்தைப் பெயர்த்தவர்கள் அவ்விடத்தில் கன்னமிடுதல் என்ற சொல்லைத் தயங்காமல் எடுத்தாண்டனர். பாலஸ்தீன மண்சுவரும் தமிழ்நாட்டு மண்சுவரும் ஒன்றுபோலவே குடையப்பட்டதால் அந்தச் சொல் அப்படியே பொருந்திற்று. சுவர் எதையும் முழுமையாகக் காக்காது என்ற அனுபவ அறிவின்மீதுதான் அந்த உபதேசம் நிற்கிறது.

ஆனால் அதே விவிலியத்தின் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் வேறொரு பார்வையைத் தருகிறது. இரவில் கன்னமிடும்போது பிடிபட்ட திருடன் அடிபட்டு இறந்தால் வீட்டுக்காரர்மீது இரத்தப்பழி இல்லை. பொழுது விடிந்தபின் அவனைக் கொன்றால் பழி உண்டு என்பது அங்குக் கூறப்படும் விதி. செல்வம் இரவிலும் பகலிலும் அதே செல்வம்தான் என்றாலும், இருளில் சுவரைக் குடைந்து வருபவன் பொருளுக்கு வருகிறானா உயிருக்கு வருகிறானா என்று உறங்கி எழுந்தவரால் அறிய முடியாது. பகலிலோ அறியலாம், கூவி அண்டை வீட்டாரை அழைக்கவும் செய்யலாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் இதே கோட்டைத்தான் வரைந்தது. இரவில் வீடு உடைத்துப் புகுதலைத் தனிக் குற்றமாகப் பிரித்து, அதற்கெதிரான தற்காப்புரிமை, தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாது என்ற வரம்புக்கு உட்பட்டு, உயிரிழப்பை விளைவிக்கும் அளவுக்கும் நீளலாம் என்று அது கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் என்ற அந்த எல்லையை அப்படியே தக்கவைத்துக்கொண்டது. ஆக, வீட்டைக் காக்கும் உரிமைக்கு அறநூலும் சட்டநூலும் இசைவு தரும்போது அவை நகையையோ பணத்தையோ முதன்மையாகக் கருதவில்லை, உறங்குகின்ற மனிதரையே கருதின என்பது தெளிவாகிறது.

தெய்வத்தின் வீட்டுக்கே காவல் தேவைப்பட்ட கதையும் இந்நிலத்திற்கு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகர அரசுக்குட்பட்ட நாயக்கர்களால் எழுப்பப்பட்ட வேலூர்க் கோட்டை, அகன்ற அகழியும் இரட்டை மதிலும் கொண்டு, தென்னாட்டின் வலிய கோட்டைகளில் ஒன்றாக மதிக்கப்பட்டது. அதனுள் அமைந்த ஜலகண்டேசுவரர் கோயில், பீஜப்பூர்ப் படையினர், மராத்தியர், ஆர்க்காட்டு நவாபுகள், ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறிய காலத்தில் மூலவர் இன்றி வெறுங்கோயிலாக நின்றது. இலிங்கத் திருமேனி காப்பின் பொருட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டு, சத்துவாச்சாரியில் இருந்தது என்பது மரபு. 1981 மார்ச் 16 அன்றுதான் அது மீண்டும் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டது. மதில் நின்றது, அகழியில் நீர் நின்றது, சிற்ப மண்டபம் நின்றது. எதைக் காக்க அவை எழுந்தனவோ அது மட்டும் நூற்றாண்டுக்கணக்கில் உள்ளே இல்லை. காப்பு மிகுந்த இடமே கைப்பற்றத்தக்க இடமாகப் பிறர் கண்ணுக்குத் தெரிந்ததும், தெய்வம் அக்காப்பை விட்டு ஓர் எளிய ஊரில் போய்த் தங்கியதும் வீட்டுக் காவலைப் பற்றிச் சிந்திப்பவர் கடந்துபோகக் கூடாத செய்திகள்.

இஸ்லாமியச் சிந்தனையில் இக்கேள்வி ‘தவக்குல்’ என்னும் சொல்லைச் சுற்றி வளர்ந்தது. தவக்குல் என்பது தன் காரியத்தை இறைவனிடம் ஒப்படைத்து அவனைச் சார்ந்திருத்தல். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பும்படி நபிகள் நாயகம் அறிவுறுத்தியதாகத் திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. இதன்படி கட்டுதலும் நம்புதலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. கயிற்றைக் கட்டும் கையையும் நம்பிக்கையின் உறுப்பாகவே அது கொள்கிறது. எனினும் இந்த அளவில் நின்றுவிடாமல், காப்பு என்றால் என்ன என்ற கேள்வியையே இஸ்லாமியச் சட்டவியல் வெகுதூரம் கொண்டுசென்றது. 1924இல் காகா முகமது உமரால் ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் நிறுவப்பட்ட ஜாமிஆ தாருஸ்ஸலாமும், வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியும் இருக்கும் இப்பகுதியில் அந்த விவாதங்கள் அந்நியமானவை அல்ல.

அச்சட்டவியல், திருட்டுக்குரிய கடுந்தண்டனையாகிய ‘ஹத்து’ பொருந்துவதற்குப் பல நிபந்தனைகளை விதிக்கிறது. எடுக்கப்பட்ட பொருள் குறிப்பிட்ட மதிப்பை எட்டியிருக்க வேண்டும்; அது மறைவாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, அது ‘ஹிர்ஸ்’ எனப்படும் காப்பிடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஹிர்ஸ் என்பது அந்தந்தப் பொருளை மக்கள் வழக்கமாக வைத்துக் காக்கும் இடம். வட ஆர்க்காட்டுப் பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மரபின் நூலாகிய ‘ஹிதாயா’ ஹிர்ஸை இரண்டாகப் பிரிக்கிறது: இடத்தால் அமையும் காப்பு ஒன்று, ஆளால் அமையும் காப்பு மற்றொன்று. திறந்த வெளியில் மூட்டையருகே ஒருவர் அமர்ந்திருந்தால் அவரே காப்பு. வீட்டுக்கோ ஆள் தேவையில்லை. கதவே இல்லாவிடினும், கதவு இருந்து அது திறந்து கிடப்பினும், வீடு வீடுதான், ஏனெனில் காக்கும் நோக்கத்துடன் எழுப்பப்பட்ட கட்டடம் அது என்பது அந்நூலின் வாதம். பூட்டின் வலிமையால் வீடு மதிப்புப் பெறுவதில்லை, ‘இது ஒருவருடைய வீடு’ என்ற எண்ணமே அதன் முதற்காப்பு என்பதாக இதை விரித்துக்கொள்ளலாம். ஓலைத் தட்டியால் மறைத்த குடிசையும் இரும்புக் கதவிட்ட மாளிகையும் இவ்வகையில் ஒரே தரத்தவை. பிறர் வீட்டுக்குள் இசைவு பெறாமலும் சலாம் கூறாமலும் நுழையலாகாது என்று குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் விதிக்கும்போதும், ஆள் இல்லாத வீட்டைக்கூட அது விலக்கவில்லை.

இன்னொரு செய்தி இதைவிட ஆழமானது. கலீஃபா உமரின் காலத்தில் அரேபியாவைக் கொடும் பஞ்சம் வாட்டிய ஆண்டில், பசியால் திருடியவர்க்கு ஹத்து தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்று மரபு கூறுகிறது. இதை வெறும் இரக்கச் செயலாக மட்டும் சட்டவியலார் பார்க்கவில்லை. தண்டிக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதற்கான சான்றாகவே கொண்டனர். உண்ண வழியின்றிச் சமூகம் ஒருவரைக் கைவிட்டிருக்கையில், அவர் எடுத்ததைத் திருட்டு என்று அழைக்கும் தகுதி அச்சமூகத்திற்கு முழுமையாக இருப்பதில்லை. ஆண்டுதோறும் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்கு உரியது என்னும் ஜகாத் கடமையை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொருள் முழுவதும் பூட்டியவருடையதே என்று கொள்ள இடமில்லை. அதில் பிறருடைய பங்கு கலந்திருக்கும்வரை அந்தப் பூட்டே ஒருவகையில் பிறர் பொருளைத் தடுத்துவைக்கும் பூட்டாகிறது. சமய நூல்கள் கதவைப் பூட்டுவதை மறுக்கவில்லை. ஆனால் பூட்டுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்கச் சொல்கின்றன.

2021 டிசம்பர் நடுவில் வேலூர் தோட்டப்பாளையத்தில் உள்ள பெரிய நகைக்கடை ஒன்றில் நடந்த திருட்டு, ஹிர்ஸ் என்னும் கருத்தை நம் காலத்திற்குக் கொண்டுவருகிறது. பின்புறச் சுவரில் துளையிட்டு, முகமூடி அணிந்து, கண்காணிப்புக் கேமராக்களின்மீது வண்ணத்தைத் தெளித்து, ஏறத்தாழ 16 கிலோ தங்க, வைர நகைகள் எடுக்கப்பட்டன. சில நாட்களிலேயே அவை ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் புதைத்து வைக்கப்பட்டிருந்த நிலையில் மீட்கப்பட்டன. கேமராவும் காவலாளியும் இருந்த காலத்திலும் வேலை செய்தது பழைய கன்னமே என்பது ஒருபுறம் இருக்க, திருடியவருக்கும் திருடிய கணமே ஒரு காப்பிடம் தேவைப்பட்டது என்பதே இங்கு எண்ணத்தக்கது. அவர் தேர்ந்த இடம், எவரும் எதையும் காக்காத இடம், உடைமை என்ற ஒன்றே இல்லாதவர்கள் கிடக்கும் இடம். பிணத்தின்மேல் போர்த்திய துணியைக் கல்லறையைத் தோண்டித் திருடியவரைத் திருடராகக் கொள்ளலாமா என்று இஸ்லாமியச் சட்டவியலார் நெடுங்காலம் வாதிட்டனர். கல்லறை ஹிர்ஸ் அன்று, அத்துணிக்கு உரியவர் என்று எவருமில்லை என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. அவருடைய மாணவர் அபூயூசுஃப் அதை மறுத்துக் கல்லறையும் காப்பிடமே என்றார். உரிமையாளர் இல்லாத இடத்தில் உடைமை உண்டா என்ற அந்த வாதம், ஏட்டுச் சுவடிகளோடு முடிந்துபோனதன்று.

சமண மரபு திருட்டின் எல்லையை இன்னும் விரிவாக வரைந்தது. காட்பாடிக்கு அப்பால் உள்ள வள்ளிமலையின் பாறைச் சிற்பங்களும், ஆம்பூர்ப் பகுதியில் மலையம்பட்டை ஒட்டிய ஆர்மாமலைக் குகையின் ஓவியங்களும் இப்பகுதியில் அச்சமயம் ஊன்றியிருந்ததற்குச் சான்றுகள். துறவியர்க்கும் இல்லறத்தார்க்கும் பொதுவான ஐந்து விரதங்களில் ஒன்று ‘அஸ்தேயம்’, அதாவது கொடுக்கப்படாததைக் கொள்ளாமை. இவ்விலக்கணத்தை ஊன்றிப் பார்த்தால், உடைத்தல், நுழைதல், மறைத்தல் ஆகிய எதுவும் இதில் இல்லை. கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது ஒன்றே அளவுகோல். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்தைக் குலைக்கும் வழுக்களாக ஐந்தைக் கூறுகிறது: பிறரைத் திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசமுறைக்கு மாறாக வாணிகம் புரிதல், குறைத்து அளத்தல், கலப்படம் செய்தல். ஐந்தில் ஒன்றேனும் இரவில் நடப்பதன்று. எல்லாம் பட்டப்பகலில் கடைவீதியில் நடப்பவை. இதனோடு ‘பரிக்கிரக பரிமாணம்’ என்னும் விரதமும் இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது. நிலம், பொன், தானியம், கால்நடை ஆகியவற்றில் தமக்கு இவ்வளவு போதும் என்று தாமே வரம்பு குறித்துக்கொள்ளுதல் அது. திருடாமையும் அளவோடு வைத்திருத்தலும் ஒரே விரத வரிசையில் வைக்கப்பட்டதை நோக்கும்போது, மிகுதியாக வைத்திருப்பதும் திருட்டின் பக்கத்து வீட்டில் குடியிருப்பது என்று அம்மரபு எண்ணியதாகக் கருத இடமுண்டு.

திருக்குறளின் அமைப்பும் இங்கு ஆராயத்தக்கது. கள்ளாமை அதிகாரம் இல்லறவியலில் இடம்பெறாமல் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கும். வீடும் பொருளும் உடைய இல்லறத்தாரிடமன்றோ களவு பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றும். உரையாசிரியர் பரிமேலழகர் இதற்கு விடை கூறுகிறார்: இல்வாழ்வார் தம் உறவினரிடம் விளையாட்டாக வஞ்சித்து எடுத்துக்கொள்வதற்கு இயைந்த பொருள்களை அவ்வாறு எடுத்தால் பொருந்தும், துறந்தவர்க்கோ அவ்வாறு எடுக்க நினைப்பதும் பெரும் இழுக்கு என்பதால் அது துறவறத்தில் ஓதப்பட்டது என்பது அவர் விளக்கம். பேரப்பிள்ளை பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து காசு எடுப்பதையும், தங்கை அக்காளின் சேலையைச் சொல்லாமல் உடுத்திச் செல்வதையும் களவு என்று எந்த வீடும் சொல்வதில்லை. அப்படியானால் வீடு என்பது களவு என்னும் சொல் செல்லுபடியாகாத பரப்பு. பூட்டு அப்பரப்பின் விளிம்பில் தொங்குவது. இந்த எண்ணம், மதில் பற்றிய எந்த விளக்கத்தையும்விட வீட்டின் இயல்பை நெருங்கித் தொடுகிறது.

ஆம்பூர் கிறித்தவர்களிடையே லுத்தரன் மரபு ஆழ வேரூன்றியது. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் அங்கு நடத்திய பெதஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா பள்ளியும் ஊராரால் அறியப்பட்டவை. அம்மரபில் சிறுவர் மனப்பாடம் செய்யும் ஞானோபதேச நூலை மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதினார். களவு செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளைக்கு அவர் தரும் விளக்கத்தில், பிறர் பணத்தையும் உடைமையையும் எடுக்காமலிருப்பதோடு, தரக்குறைவான சரக்காலும் ஏமாற்று வாணிகத்தாலும் அவற்றைத் தம் பக்கம் இழுக்காமலிருப்பதும், மேலாக, பிறருடைய பொருளையும் பிழைப்பையும் வளர்க்கவும் காக்கவும் உதவுவதும் அடங்கும். தடையாகத் தொடங்கிய கட்டளை இவ்வாறு கடமையாக முடிகிறது: அண்டை வீட்டைக் காப்பதும் களவு செய்யாமையின் பகுதி. அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய பெரிய ஞானோபதேச நூல், பெட்டியை உடைக்கும் சிறு திருடரைவிட, நாற்காலியில் அமர்ந்தபடியே நாட்டைச் சூறையாடிப் பெரியமனிதர் என்று வணங்கப்படுவோரைக் கடுமையாகச் சாடுகிறது.

இந்த நான்கு மரபுகளும் வெவ்வேறு வழிகளில் வந்து சேரும் ஓரிடம் உண்டு. கதவை உடைப்பதோடு களவு முடிவதில்லை, கதவை உடைக்காமலும் ஒரு வீட்டைத் திருடலாம் என்பதே அவ்விடம். அதைப் புரிந்துகொள்ளப் பாலாற்றைத் தவிர வேறு பாடநூல் இந்நிலத்திற்குத் தேவையில்லை. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவியபின், ஆலைக் கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டதாகக் கூறும் ஆய்வைப் பதிவு செய்தது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததும் அத்தீர்ப்பில் உள்ளது. பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் திண்டுக்கல். தோல் ஆலைகளுக்கும் பேர்பெற்ற ஊர் அதுவே. தன் பூட்டால் நாடெங்கும் கதவுகளைக் காத்த ஊரின் புறத்தே, எந்தக் கதவையும் தொடாமல், தண்ணீர் திருட்டுப் போனது. வீட்டு முற்றத்துக் கிணற்றுக்கு நிலத்தடி வழியே வந்து சேரும் உவர்நீரைவிடக் கைதேர்ந்த கன்னம் வேறில்லை. கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்னும் சமண அளவுகோலை இங்கு வைத்தால் விடை ஐயத்திற்கு இடமின்றிக் கிடைக்கும். எவரும் தம் கிணற்றை ஆலைகளுக்குக் கொடுக்கவில்லை.

அத்தீர்ப்பு முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது: தீங்கு முழுமையாக மெய்ப்பிக்கப்படும்வரை காத்திராமல் அதைத் தடுக்க வேண்டும் என்பதும், தம் செயல் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும் என்பதும் அதன் உட்கூறுகள். பூட்டும் ஒரு முன்னெச்சரிக்கைதான். ஆனால் வீட்டுக் களவில் முன்னெச்சரிக்கைச் சுமை முழுவதும் இழக்கக்கூடியவர்மீதே விழுகிறது. ஏன் பூட்டவில்லை, ஏன் நகையை வீட்டில் வைத்தாய் என்று பறிகொடுத்தவரைத்தான் ஊரும் காவல் நிலையமும் கேட்கின்றன. கிணற்றைப் பறிகொடுத்தவரிடம் அப்படிக் கேட்க இயலாது. கிணற்றுக்குப் போடத்தக்க பூட்டு இல்லை. 2015 ஜனவரி இறுதியில் ஓர் இரவு, இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை மூடி 10 பேர் உயிரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இரவில் சுவரைக் குடைந்து வருவதை உயிர்க் குற்றமாகக் கருதிய யாத்திராகம விதியை நினைப்பவர்க்கு, அவ்விரவு உறங்கியவர்களின் உறைவிடமும் வீடாகத் தெரியாமல் போகாது. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்குமாறு ஆணையிட்டது. இதே தொழிலின் வருவாயிலிருந்துதான் 1919இல் நிறுவப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி போன்ற அறநிலையங்களுக்குக் கொடை பெருகியது என்பதையும், இலட்சக்கணக்கானோர் இத்தொழிலால்தான் அடுப்பு மூட்டுகின்றனர் என்பதையும் நேர்மையுள்ள எவரும் சொல்லாமல் விட மாட்டார். கொடுத்த கையும் எடுத்த கையும் ஒரே உடலில் இருப்பதால்தான் இது சட்டத்தோடு முடியாமல் அறக்கேள்வியாகத் தொடர்கிறது.

வீட்டைக் காக்கும் அச்சம் எளிதில் அயலாரைச் சந்தேகிக்கும் பழக்கமாகத் திரிவதும் உண்டு. சிலப்பதிகாரத்தின் பாண்டிய நாட்டுப் பகுதி இத்திரிபைப் பற்றியதே. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கையில் சிலம்போடு வந்த அயலூர் வணிகனைக் கள்வன் என்று காட்டுகிறான். கோவலனின் தோற்றத்தைக் கண்டு தயங்கிய காவலர்க்கு, கள்வர் துணையாகக் கொள்ளும் எட்டு வழிகளைப் பற்றிப் பேருரை ஆற்றி அவர்களின் தயக்கத்தைக் கரைக்கிறான். திருட்டைப் பற்றி மிக நுட்பமாகப் பேசியவனே திருடன். காவல் மிகுந்த அரண்மனை கொன்றதோ குற்றமற்றவனை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 முதல் சென்னை மாகாணத்திலும் கைரேகைச் சட்டம் என்ற பெயரில் மக்களை வாட்டி, சாதிகளையே திருடர்களாகப் பதிவு செய்தது. 1947இல் அது இங்கு நீக்கப்பட்டபோதும் அதன் மனப்பாங்கு நீங்கவில்லை என்பதற்கு, 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத் தொழிலாளியின் மரணம் சான்று. ‘ஜெய் பீம்’ திரைப்படம் அந்நிகழ்வை அடியொற்றியது.

இந்தக் கோணத்தில் பூட்டுக்கு ஓர் அறச்சிறப்பு உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது. பூட்டு எவரையும் பெயர் சொல்லிச் சந்தேகிப்பதில்லை. சாதி, மொழி, முகம் எதையும் அது அறியாது. உறவினர், அயலார் எல்லோர்க்கும் ஒரே விடையைத் தருகிறது. சபலத்தால் தடுமாறும் எளியவர் ஒருவரைக் குற்றவாளியாகாமல் தடுக்கும் கருணையும் அதற்கு உண்டு. வேலைக்கு வரும் பெண்ணின் பையைத் திறந்து பார்ப்பதைவிட, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அப்பெண்ணின் மானத்தையும் வீட்டாரின் மனத்தையும் காக்கும். கேமராவைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது முகங்களைச் சேர்த்து வைக்கிறது, முகங்கள் சேர்ந்த இடத்தில் சந்தேகம் ஆள் தேடுகிறது.

காவலைக் கூலிக்கு ஒப்படைக்கும் வழக்கம் தமிழகத்தில் பழையது. ஊர்க்காவல் உரிமையையும் அதற்கான வரியையும் குறிக்கும் ‘பாடிகாவல்’ என்னும் சொல் கல்வெட்டுகளில் பயில்வது. காவல் பெற்றவர், திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடித்துத் தரவோ இயலாவிட்டால் ஈடு செய்யவோ கடமைப்பட்டவர் என்பது அம்முறையின் உயிர். வங்கிப் பெட்டகத்தில் வைத்த நகை வங்கியின் கவனக்குறைவால் களவு போனால் ஆண்டு வாடகையின் நூறு மடங்குவரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை, அப்பழைய பொறுப்பின் ஒரு சிறு பகுதியை மீட்டது எனலாம். இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது ‘அமானிதம்’. கூலியின்றி, எழுத்தின்றி, நம்பி ஒப்படைக்கப்பட்டதை அது குறிக்கும். மக்காவைவிட்டு வெளியேறிய இரவில் நபிகள் நாயகம், தம்மை எதிர்த்தவர்கள்கூடத் தம்மிடம் வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தருவதற்காக அலீயை விட்டுச் சென்றார் என்பது வரலாறு. அமானிதம் பெற்றவர் அதைத் தம் சொந்தப் பொருளைப் போலக் காத்தும் தொலைந்துபோனால், ஈடு தரக் கடமைப்பட்டவர் அல்லர் என்கிறது சட்டவியல். காப்பதில் கவனம் தவறினாலோ கேட்டபோது தர மறுத்தாலோ அவர் வழுவியவராகிறார்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் பெருந்தொகையினராக வேலைக்குச் செல்கின்றனர்; விடியும் முன் சமையலை முடித்து, கம்பெனி வண்டி வருமுன் கதவைச் சாத்தி, பள்ளியிலிருந்து பிள்ளை திரும்பும்போது திறந்துவிட வேண்டுமென்று சாவியை அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது அத்தெருக்களின் அன்றாடம். ஹனஃபி நூல்கள் இங்கு ஒரு நுட்பமான விதியைத் தருகின்றன: நுழைய இசைவு பெற்றவரைப் பொறுத்தவரை அந்த வீடு ஹிர்ஸ் அன்று; அவர் அதிலிருந்து எதை எடுத்தாலும் திருட்டுக்குரிய ஹத்து அவர்மீது பாயாது. சாவி கைமாறிய அந்தக் கணத்தில், அந்த ஒருவருக்கு மட்டும், சுவரும் கதவும் பூட்டும் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போகின்றன. மாலை ஆறு மணிவரை அந்த வீடு முழுவதும், பீரோவும் அதிலுள்ள அடகுச் சீட்டும் சீட்டுப் பணமும் உட்பட, அவருடைய முந்தானை முடிச்சில் இருக்கிறது.